அடியும் வரியும்: தமிழ்ச் செய்யுள் அமைப்பும் கணினிக் குறியீட்டு மொழிகளும்

முன்னுரை

எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை ஆகிய ஆறும் செய்யுளின் உறுப்புகள் என்பது யாப்பிலக்கணம் பயின்றோர் அறிந்ததே. இவற்றுள் அடி என்பது சீர்கள் தொடர்ந்து அமைவதால் பெறப்படும் ஓர் ஒலியளவு. அச்சிட்ட நூலிலும் கணினித் திரையிலும் நாம் காணும் வரி என்பதோ தாளின் அகலத்தையும் திரையின் அகலத்தையும் ஒட்டி அமையும் ஓர் இடவளவு. வழக்கில் ‘பாட்டின் வரிகள்’ என்று சொல்லி இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்கிறோம். சங்கப் பாடல்கள் பலவற்றில் ஓரடி ஒரு வரியாகவே அச்சாவதால் இவ்வழக்கு இடர் தருவதில்லை. விருத்தங்களிலும் கலிப்பாக்களிலும் நிலைமை வேறு.

இலக்கியங்கள் சுவடியிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினிக்கும் இடம் பெயர்ந்தபோது அடி, வரி என்னும் இவ்விரண்டின் உறவும் மாறியது. கணினியில் ஓர் எழுத்துரை எவ்வாறு பத்தியாகவும் வரியாகவும் பிரிய வேண்டும் என்பதை வரையறுப்பவை குறியீட்டு மொழிகள். அம்மொழிகள் தொகுதி உறுப்புகளையும் வரிமுறிவையும் எவ்வாறு கையாண்டு வந்துள்ளன என்பதையும், அக்கையாளுகை தமிழ்ச் செய்யுளின் அடியை எவ்வாறு பாதித்தது என்பதையும் வரலாற்று முறையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவடியில் அடி

பனையோலை நீளமானது, அகலம் குறைந்தது. ஏட்டின் ஒரு பக்கத்தில் சில வரிகளே எழுத முடியும். ஓலையை வீணாக்காமல் இடக்கோடி தொடங்கி வலக்கோடி வரை, கயிறு கோக்கும் துளைக்கு மட்டும் இடம் விட்டு, எழுத்துகளைத் தொடர்ந்து எழுதிச் செல்வதே பெருவழக்கு. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குரிய புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. செய்யுளின் அடி முடியும் இடத்தில் வரி முடிவதுமில்லை. ஒரு செய்யுள் முடிந்ததை அதன் எண்ணோ முடிவுக்குறியோ காட்டும். அடி முடிந்ததைக் காட்ட எக்குறியும் இல்லை. மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்ட ஏடுகளும் உண்டு.

இருந்தும் ஏட்டைப் படித்தவர் அடியை அறிந்துகொண்டார். அடியின் எல்லை செய்யுளின் ஒலியமைப்புக்குள்ளேயே இருந்தமையே இதற்குக் காரணம். அடிதோறும் முதற்சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் அடியெதுகை, அடுத்த அடியின் தொடக்கத்தைச் செவிக்கு அறிவிக்கும். சீரெண்ணிக்கை அடியின் நீளத்தை அறிவிக்கும். தொல்காப்பியர் அடியை எழுத்தெண்ணிக்கையால் வகுத்தார். நான்கு முதல் ஆறெழுத்து வரை குறளடி, ஏழு முதல் ஒன்பது வரை சிந்தடி, பத்து முதல் பதினான்கு வரை அளவடி, பதினைந்து முதல் பதினேழு வரை நெடிலடி, பதினெட்டு முதல் இருபது வரை கழிநெடிலடி என்பது செய்யுளியல் தரும் வகைப்பாடு. பின்வந்த யாப்பருங்கலக்காரிகை சீரெண்ணிக்கையை அளவாகக் கொண்டு இருசீர் குறளடி, முச்சீர் சிந்தடி, நாற்சீர் அளவடி, ஐஞ்சீர் நெடிலடி, அதனின் மிக்கன கழிநெடிலடி என்றது. இரு நூல்களும் அடியை ஒலியின் அலகுகளால் அளந்தனவேயன்றி எழுதுபொருளின் அகலத்தால் அளக்கவில்லை.

வெண்பாவின் தளை இங்கு நோக்கத்தக்கது. ஓரடியின் இறுதிச் சீருக்கும் அடுத்த அடியின் முதற்சீருக்கும் இடையிலும் வெண்டளை பிறழாமல் வர வேண்டும் என்பது விதி. தளை அடியெல்லையைக் கடந்து ஓடும். எதுகையோ அடியெல்லையைக் காட்டி நிற்கும். ஆகவே அடி என்பது ஓசை அறுந்து நிற்கும் இடம் என்று சொல்வதற்கில்லை. தொடையும் சீரளவும் சேர்ந்து உணர்த்தும் ஓர் அமைப்பு என்பதே பொருந்தும். கண்ணுக்குப் புலனாகும் வரிமுறிவு எதுவுமின்றி இவ்வமைப்பு பல நூற்றாண்டுகள் சிதையாது வந்தது.

அச்சில் வரி

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாக அறியப்படும் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. தரங்கம்பாடியில் 1713இல் தமிழ் அச்சுப்பணி தொடங்கியது. இவ்வச்சகங்கள் வெளியிட்டவை பெரிதும் கிறித்துவ சமய உரைநடை நூல்களே. திருக்குறள் 1812இல் சென்னையில் அச்சேறியது. தொடர்ந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர், சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் ஆகியோரின் பதிப்புகள் வெளிவந்தன. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் ஒரே ஆண்டில், 1887இல், வெளியாயின. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அச்சு வடிவம் பெற்றன.

ஏட்டில் தொடர்ந்து ஓடிய எழுத்தை அச்சில் அடியடியாகப் பிரித்து நிறுத்தியது இப்பதிப்பு மரபின் பெருங்கொடை. எங்கே அடி முடிகிறது, எங்கே சீர் பிரிகிறது, எது மூலம், எது உரை என்பவற்றை அறிந்து தாளில் காட்டுவதற்கு யாப்பறிவும் பொருளறிவும் ஒருங்கே தேவைப்பட்டன. பதிப்பாசிரியரின் அவ்வறிவே வரிமுறிவாக அச்சில் பதிந்தது. அதுவரை செவியால் அறியப்பட்ட அடி இதன்பின் கண்ணாலும் அறியப்படலாயிற்று.

எனினும் தாளுக்கும் ஓர் அகலம் உண்டு. நாற்சீரடி தாளின் அகலத்தில் அடங்கும். அறுசீரடியும் எண்சீரடியும் பெரும்பாலும் அடங்குவதில்லை. ஆகவே அறுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தத்தின் ஓரடியை மும்மூன்று சீராகவும், எண்சீர் விருத்தத்தின் ஓரடியை நந்நான்கு சீராகவும் மடக்கி இரு வரிகளில் அச்சிடும் வழக்கம் உண்டாயிற்று. மடக்கிய இரண்டாம் வரியை உள்தள்ளிக் காட்டுவது கவனமுள்ள பதிப்புகளின் முறை. நான்கடி விருத்தம் எட்டு வரியாகத் தோன்றினும், உள்தள்ளலைக் கண்ட வாசகர் நான்கடியே என்று அறிவார். அடிமுடிவு, மடக்கு என்னும் இருவகை முறிவுகளையும் வேறுபடுத்தும் அடையாளமாக அச்சில் எஞ்சியது இச்சிறு வெற்றிடம் மட்டுமே.

வரிமுறிவின் இயந்திர வரலாறு

கணினியின் வரிமுறிவு தந்தி அச்சுப்பொறியிலிருந்து வந்தது. அப்பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரு செயல்கள் நிகழ வேண்டும். அச்சுமுனையை இடக்கோடிக்குத் திருப்புவது ஒன்று. தாளை ஒரு வரியளவு நகர்த்துவது மற்றொன்று. இவ்விரு செயல்களுக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. 1963இல் வெளியான ஆஸ்கி எனும் எழுத்துக் குறியீட்டுத் தரம் முதலாவதற்கு 13 என்னும் எண்ணையும் இரண்டாவதற்கு 10 என்னும் எண்ணையும் வழங்கியது. பின்னர் யூனிக்ஸ் இயங்குதளம் 10ஐ மட்டும் வரியிறுதியாகக் கொண்டது. தொடக்ககால மெக்கின்டாஷ் 13ஐ மட்டும் கொண்டது. டாஸ், விண்டோஸ் ஆகியன இரண்டையும் சேர்த்துக் கொண்டன. ஒரு தளத்தில் எழுதிய கோப்பை மற்றொன்றில் திறந்தபோது வரிகள் ஒன்றோடொன்று ஒட்டியதும் இரட்டித்ததும் இதன் விளைவே.

இக்குறிகள் பொறிக்கு இடும் ஏவல்கள். முடிந்தது பத்தியா, செய்யுளடியா, முகவரியின் ஒரு கூறா என்பதை அவை சொல்வதில்லை. இக்குறையை உணர்ந்தே யூனிகோட் தரம் வரிப்பிரிப்பானுக்கு ஒன்றும் பத்திப்பிரிப்பானுக்கு ஒன்றுமாக இரு தனிக் குறிகளைத் தந்தது. பழைய வழக்கம் வேரூன்றிவிட்ட நிலையில் அவை அரிதாகவே பயன்படுத்தப்படுகின்றன.

ஏவலிலிருந்து பெயருக்கு

ஆவணங்களை வடிவமைக்கும் நிரல்களின் முன்னோடிகளுள் ஒன்று ரன்ஆஃப். ஜெரோம் சால்ட்சர் இதனை 1964இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கினார். எழுத்துரைக்கு இடையே புள்ளியில் தொடங்கும் தனி வரிகளாகக் கட்டளைகளை எழுதுவது இதன் முறை. இதன் வழிவந்த டிராஃப் 1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. அதில் வரியை முறிக்கும் கட்டளையின் பெயர் ‘பிஆர்’. ‘இங்கே முறி’, ‘இங்கே இடம் விடு’ என்று பொறியை ஏவும் முறை இது.

இதற்கு மாறான சிந்தனை 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது. சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும் ஜி.எம்.எல். எனும் குறியீட்டு மொழியை வகுத்தனர். எழுத்துரையின் ஒவ்வொரு பகுதிக்கும் அது இன்னது என்று பெயரிட வேண்டும். அப்பெயருக்குரிய தோற்றத்தைப் பின்னர் முடிவு செய்துகொள்ளலாம் என்பது இதன் அடிப்படை. பத்தியைப் ‘பத்தி’ என்றும் தலைப்பைத் ‘தலைப்பு’ என்றும் குறித்துவிட்டால், தாளிலும் திரையிலும் அவற்றை வெவ்வேறு வகையில் காட்ட முடியும். இதுவே விரிவுபெற்று 1986இல் எஸ்.ஜி.எம்.எல். எனும் அனைத்துலகத் தரமாயிற்று.

ஏவலிடும் முறை, பெயரிடும் முறை என்னும் இவ்வேறுபாடு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. ‘இங்கே முறி’ என்பது வரியைப் பற்றிய ஏவல். ‘இது ஓர் அடி’ என்பது செய்யுளைப் பற்றிய அறிவு. முன்னதிலிருந்து பின்னதைப் பெற இயலாது. பின்னதிலிருந்து முன்னதை எப்பொழுது வேண்டுமாயினும் பெறலாம்.

தொகுதி உறுப்பும் வரிமுறிவும்

டிம் பெர்னர்ஸ் லீ ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் பணியாற்றியபோது எச்.டி.எம்.எல். மொழியை அமைத்தார். அதன் முதற் குறிச்சொற்களின் விளக்கம் 1991இல் வெளியாயிற்று. அங்கு வழக்கிலிருந்த எஸ்.ஜி.எம்.எல். குறிச்சொற்கள் சிலவற்றை அவர் எடுத்தாண்டார். பத்தியைக் குறிக்கும் ‘பி’ அவற்றுள் ஒன்று. தொடக்கத்தில் இது இரு பத்திகளுக்கு நடுவே இடப்படும் பிரிப்பானாகவே இருந்தது. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 வரையறை, பத்தியின் உரையைத் தன்னுள் அடக்கும் கொள்கலனாக அதனைக் கொண்டது. இரண்டு பொருள்களுக்கு நடுவே கோடு கிழிப்பதற்கும் ஒவ்வொன்றையும் தனிப் பேழையில் இடுவதற்கும் உள்ள வேறுபாடு இதில் உள்ளது.

1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0, உறுப்புகளைத் தொகுதி உறுப்புகள் என்றும் வரியுள் உறுப்புகள் என்றும் இரு வகைப்படுத்தியது. பத்தி, தலைப்பு, பட்டியல், மேற்கோள் முதலியன தொகுதி உறுப்புகள். இவை புதிய வரியில் தொடங்கித் தமக்கென ஓர் இடப்பரப்பைக் கொள்ளும். அழுத்தம், இணைப்பு முதலியன வரியுள் உறுப்புகள். இவை ஓடும் வரிக்குள்ளேயே அமையும். பத்தி உறுப்பு தன்னுள் வேறொரு தொகுதி உறுப்பை ஏற்பதில்லை. ஒரு பத்திக்குள் மற்றொரு பத்தியைத் தொடங்கினால் முன்னது அவ்விடத்திலேயே முடிந்ததாக உலாவி கொள்ளும். 2014இல் தரமான எச்.டி.எம்.எல். 5 இவ்விருமை வகைப்பாட்டை விடுத்து, உறுப்புகளை உள்ளடக்கத்தின் அடிப்படையில் வகுத்தது. தோற்றம் பற்றிய பொறுப்பு சி.எஸ்.எஸ். எனும் நடைத்தாளுக்கு உரியதாயிற்று. நடைத்தாளின் முதல் தரம் 1996 டிசம்பரிலேயே வெளியாகியிருந்தது.

எச்.டி.எம்.எல். கோப்பில் எத்தனை வெற்றிடம் விட்டாலும், எத்தனை முறை புதுவரிக்குச் சென்றாலும், உலாவி அவை அனைத்தையும் சுருக்கி ஒரே வெற்றிடமாகக் காட்டுவது இயல்பு. உரைநடைக்கு இது நன்மை. சாளரத்தின் அகலத்திற்கேற்ப வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும். செய்யுளுக்கோ இது கேடு. தட்டச்சு செய்தவர் அடியடியாக எழுதிய பாடல் ஒரே பத்தியாக ஓடிவிடும். ஏட்டுச்சுவடியின் நிலைக்கே அது மீள்கிறது எனலாம். இதற்கு மாற்றாக இரு வழிகள் தரப்பட்டன. வெற்றிடங்களை உள்ளவாறே காட்டும் ‘பிரீ’ உறுப்பு ஒன்று. குறித்த இடத்தில் வரியை முறிக்கும் ‘பிஆர்’ மற்றொன்று. பிஆர் தன்னுள் எதையும் அடக்காத வெற்று உறுப்பு. டிராஃப் கட்டளையின் பெயரும் இயல்பும் பெயரிடும் மொழியின் நடுவிலும் அவ்வாறே எஞ்சி நிற்கின்றன.

உள்ளடக்கத்தின் பகுதியாகவே அமையும் வரிமுறிவுகளுக்கு மட்டும் பிஆர் பயன்பட வேண்டும் என்று எச்.டி.எம்.எல். வரையறை கூறுகிறது. அதற்கு அது காட்டும் எடுத்துக்காட்டுகள் கவிதையும் முகவரியும். கவிதையின் வரிமுறிவு பொருளுடையது என்பதை வரையறை ஏற்கிறது என்பது இதனால் விளங்கும். அங்ஙனம் ஏற்றும், முறியும் இடத்திற்குக் குறி தந்ததேயன்றி, முறிவுகளுக்கு இடைப்பட்ட அடிக்கு ஒரு பெயர் தரவில்லை.

இணையத்திற்கு வந்த தமிழ்ச் செய்யுள்

1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட ஓர் இணையத்தளம் தொடங்கப்பெற்றது. தமிழ் எழுத்து இணையத்தில் இடம்பெற்ற தொடக்க முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது. இதன் தமிழ்ப் பகுதிக்குக் காரணராக இருந்தவர் எழுத்தாளரும் ஆசிரியர் பயிற்றுநருமான நா. கோவிந்தசாமி. இணையத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே தமிழ் அங்குக் கவிதையாகச் சென்றது என்பது நம் பொருளுக்கு நெருங்கிய செய்தி. 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் பழந்தமிழ் நூல்களை இலவசமாக வழங்கினர். இன்று எந்நாட்டு மாணவரும் சங்க இலக்கியத்தைத் திரையில் படிக்க முடிவது இத்தகைய உழைப்பின் பயன்.

அக்காலத்தின் முதற்கவலை எழுத்து வடிவமாகவே இருந்தது. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறுபட்டமையால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதே அரிதாயிருந்தது. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழிணைய மாநாடும் அதன்பின் நடந்தவையும் இச்சிக்கலுக்கே பெரிதும் இடமளித்தன. வரிமுறிவோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியை இங்குச் சுட்டலாம். டிஸ்கி எனும் தமிழ்க் குறியீட்டில் இகரம் 173ஆம் இடத்தில் வைக்கப்பட்டது. மேலை எழுத்துக் குறியீட்டில் அவ்விடம் வரியிறுதியில் மட்டும் தோன்ற வேண்டிய மறைநிலை இணைகோட்டிற்கு உரியது. அவ்விடத்தை இணைகோடாகக் கொள்ளும் நிரல், வரியின் நடுவே வரும் இகரத்தை மறைத்துவிடக்கூடும். பின்னர் இகரத்திற்கு வேறோர் இடமும் ஒதுக்கப்பட்டது. ஓர் எழுத்தின் இருப்பே வரிமுறிவு விதியைச் சார்ந்திருந்த நிலை அது. யூனிகோட் பரவிய பின் இத்தகைய சிக்கல்கள் நீங்கின.

எழுத்து நிலைபெற்றது, அடி நிலைபெறவில்லை. அச்சுப் பதிப்பில் எங்கெல்லாம் வரி முடிந்ததோ அங்கெல்லாம் பிஆர் இடுவது மின்பதிப்பின் பொதுவழக்காயிற்று. அதனால் அடிமுடிவும் மடக்கும் ஒரே குறி பெற்றன. அச்சில் இவ்விரண்டையும் பிரித்துக்காட்டிய உள்தள்ளலும், வெற்றிடங்களைச் சுருக்கும் உலாவியின் இயல்பால் மறைந்தது.

இதன் விளைவை விருத்தங்களில் தெளிவாகக் காணலாம். அறுசீர் விருத்தம் நான்கடியும் இருபத்துநான்கு சீரும் உடையது. மும்மூன்று சீராக மடக்கிப் பிஆர் இட்டால் முச்சீர் வரிகள் எட்டுக் கிடைக்கும். முச்சீரடி என்பது சிந்தடி. சிந்தடி நான்கு கொண்டது வஞ்சி விருத்தம். ஆகவே வரியை அடியெனக் கொள்ளும் மாணவருக்கு ஓர் அறுசீர் விருத்தம் இரண்டு வஞ்சி விருத்தங்களாகத் தோன்றும். அவ்வாறே நந்நான்கு சீராக மடக்கிய எண்சீர் விருத்தம் இரண்டு கலிவிருத்தங்களாகத் தோன்றும். கழிநெடிலடி என்னும் வகையே திரையில் இல்லாமற் போகிறது. கணினி கொண்டு எதுகையை ஆராய்வோருக்கும் இதே இடர் நேரும். அடியெதுகை நான்கு வரிகளின் தொடக்கத்தில் இருக்கும். எஞ்சிய நான்கில் இராது. பாதி அடிகளில் எதுகை இல்லை என்னும் தவறான முடிவையே நிரல் தரும்.

அடிக்குப் பெயரிட்ட நெறி

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலக்கிய நூல்களைக் கணினியில் பதிவு செய்வதற்குப் பொதுநெறி வகுக்கும் பொருட்டு 1987 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பொக்கீப்சியில் உள்ள வாஸ்ஸர் கல்லூரியில் அறிஞர்கள் கூடினர். அதன் பயனாக உருவானது டி.இ.ஐ. எனும் உரைக்குறியீட்டு நெறி. அதன் முழுமையான வழிகாட்டி 1994இலும், இப்போது வழக்கிலுள்ள ஐந்தாம் வடிவம் 2007இலும் வெளிவந்தன.

டி.இ.ஐ. நெறியில் ‘எல்’ என்பது யாப்பின் அடியைத் தன்னுள் அடக்கும் உறுப்பு. ‘எல்ஜி’ என்பது அடிகளின் தொகுதி. செய்யுளையும் செய்யுளின் உட்பிரிவையும் அது குறிக்கும். ‘எல்பி’ என்பது ஏட்டிலோ அச்சுநூலிலோ புதிய வரி தொடங்கும் இடத்தை மட்டும் சுட்டும் வெற்றுக் குறி. அடிக்கு ஒரு கொள்கலன், வரிக்கு ஓர் எல்லைக்கல் என்று இரண்டும் வேறு வேறாக வகுக்கப்பட்டன. எண்சீர் அடியை ஓர் எல் உறுப்பில் வைத்து, பதிப்பில் மடங்கிய இடத்தில் ஓர் எல்பி இட்டால், அடி ஒன்றே என்னும் யாப்புண்மையும், அது இரு வரிகளில் அச்சானது என்னும் பதிப்புண்மையும் ஒருங்கே காக்கப்படும். ஏட்டைப் பெயர்த்தெழுதும்போதும் ஏட்டின் வரியெல்லையை இழக்காமல் அடியைக் காட்ட முடியும்.

தொகுதிக்குள் தொகுதி அமையும் முறை தமிழ் யாப்புக்குப் புதிதன்று. ஒத்தாழிசைக் கலிப்பா தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்னும் உறுப்புகளால் ஆனது. கலிப்பா முழுவதும் ஒரு தொகுதி, அதனுள் தரவு ஒரு தொகுதி, தாழிசை ஒவ்வொன்றும் ஒரு தொகுதி, அவற்றினுள் அடிகள். இடையில் தனித்து நிற்கும் தனிச்சொல் அடியன்று. அச்சில் தனி வரியாக நிற்பதால் பிஆர் இடும் முறையில் அதுவும் ஓரடி போலவே எண்ணப்படும். எல்ஜி உறுப்புகளை ஒன்றனுள் ஒன்றாக அமைத்துப் பெயரிட்டால், நம் இலக்கணிகள் வகுத்த அமைப்பே குறியீடாக அமைந்துவிடும். நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியிறுதியில் வரும் தனிச்சொல் அடியின் உறுப்பு. கலிப்பாவின் தனிச்சொல் அடிக்குப் புறம்பானது. பெயர் ஒன்றாயினும் இடம் வேறு என்பதையும் இம்முறை காட்டவல்லது.

இந்நெறிக்கும் எல்லை உண்டு. இத்தகைய குறியீட்டு மொழிகளில் ஓர் உறுப்பு மற்றொன்றினுள் முழுமையாக அடங்க வேண்டும். இரண்டு உறுப்புகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டலாகாது. செய்யுளிலோ தொடர் ஓரடியின் நடுவில் முடிந்து அடுத்தது அங்கேயே தொடங்கும். செய்யுள்கள் பல ஒரே வினை கொண்டு முடியும் குளகத்தில் தொடரின் எல்லை செய்யுளின் எல்லையையே கடக்கும். ஓசை நோக்கிச் சொல்லைப் பிளந்து சீராக்கும் வகையுளியில் சொல்லின் எல்லையும் சீரின் எல்லையும் முரணும். ஆகவே எதைக் கொள்கலனாகக் கொள்வது, எதை எல்லைக்கல்லாகக் கொள்வது என்பதைப் பதிப்பாசிரியர் முடிவு செய்ய வேண்டும். யாப்பாராய்ச்சி நோக்கமாயின் அடியே கொள்கலனாதல் தகும். தொடரிலக்கண ஆராய்ச்சியாயின் தொடரைக் கொள்கலனாகக் கொண்டு அடியை எல்லைக்கல்லாக நிறுத்தலாம்.

பயிற்றலும் பதிப்பும்

இவ்வேறுபாடு பதிப்பாசிரியருக்கும் நிரலருக்கும் மட்டும் உரியது என்று கருதுவதற்கில்லை. இன்று மாணவர் செய்யுளைக் கைப்பேசியிலும் படிக்கின்றனர். அதன் குறுகிய திரையில் நாற்சீரடியும் மடங்குகிறது. ஏழு சீர் கொண்ட குறள் முதலடி நாற்சீரும் இரண்டாமடி முச்சீருமாக இரு வரிகளில் நிற்பதைக் கண்டு பழகியவர், அதே குறள் மூன்று நான்கு வரிகளாகச் சிதறிக் கிடப்பதைக் காண்கிறார். 1,330 குறளும் 2,660 அடி, 9,310 சீர் என்னும் ஒழுங்கு திரையில் புலனாவதில்லை. ஒவ்வோர் அடியும் தனி உறுப்பாகக் குறிக்கப்பட்டிருந்தால், மடங்கிய பகுதியை உள்தள்ளிக் காட்டுமாறு நடைத்தாளில் ஒரே விதியால் ஆணையிடலாம். பழைய அச்சுப்பதிப்பின் உள்தள்ளல் எவ்வகைத் திரையிலும் மீண்டும் கிட்டும். பிஆர் மட்டும் இட்ட உரையில் அடிக்கு உறுப்பு இல்லாமையால் இது எளிதன்று.

இணையப்பக்கம் அமைப்போர் டி.இ.ஐ. நெறி முழுவதையும் கற்றாக வேண்டும் என்பதில்லை. எச்.டி.எம்.எல். மொழியிலேயே செய்யுளை ஒரு தொகுதி உறுப்பாகவும், ஒவ்வோர் அடியையும் அதனுள் ஓர் உறுப்பாகவும் வைத்து, ‘செய்யுள்’, ‘அடி’ என வகைப்பெயர் இட்டாலே போதும். பயிற்றுத்தாள் அமைக்கும் ஆசிரியர், சொற்செயலியில் அடியிறுதியில் பத்தி முடிவையும் மடக்கில் வரிமுறிவையும் பயன்படுத்துவதை வழக்கமாக்கிக் கொள்ளலாம். அடி வரிசைக்காக ஓரத்தில் இடும் எண்களை அடியினுள் சேர்க்காமல் தனியே வைப்பதும் வேண்டும். இல்லையேல் உரையைப் படியெடுக்கும்போது அவ்வெண்கள் செய்யுளின் பகுதியாகவே ஒட்டிக்கொள்ளும்.

முடிவுரை

ஏட்டில் அடிக்குக் குறியில்லை. ஆயினும் ஏட்டைப் படித்தவரிடம் யாப்பறிவு இருந்தது. அச்சில் அவ்வறிவைப் பதிப்பாசிரியர் வரியாகவும் உள்தள்ளலாகவும் மாற்றித் தந்தார். மின்பதிப்பில் வரி மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, அதன் பின்னிருந்த அறிவு பெரும்பாலும் பதிவாகாமல் நின்றது. படிப்பவரிடம் யாப்புப் பயிற்சி அருகி வரும் இக்காலத்தில், பதிவிலும் அடி இல்லாவிட்டால் அதனை மீட்டுணரும் வாய்ப்பு மேலும் குறையும்.

ஒரு நூலுக்கு அடிதோறும் பெயரிடுவது, பொறி தானாகச் செய்து முடிக்கும் பணியன்று. எங்கே மடக்கு, எங்கே முடிவு, எது தனிச்சொல், எது தாழிசை என்பதைச் செய்யுள்தோறும் யாரேனும் ஓதிப் பார்த்தே சொல்ல வேண்டும். அத்தகுதி தமிழாசிரியர்களிடமும் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களிடமும் உள்ளது. பட்டப்படிப்பின் யாப்பிலக்கணப் பாடத்தில் ஒரு விருத்தத் தொகுதியையோ சில கலிப்பாக்களையோ இம்முறையில் குறியிடுவதை ஒரு பயிற்சியாக வைத்தால், மாணவருக்கு யாப்பும் விளங்கும்; தமிழுக்குச் செம்மையான மின்பதிப்பும் கிடைக்கும்.